தொண்ணூற்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கஸ்பார்

கஸ்பாரின் வெற்றுப் பெட்டியைக் குழிக்குள் இறக்கப்போன அன்று காலை, மணி பத்தேகால் இருக்கும், பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கிய நேரம் பார்த்து, கஸ்பார் வானத்தில் தெற்கிலிருந்து வடக்காகப் போனான்.

சிப்பித்துறையில் அப்படித்தான் வழக்கம். கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போனால் நாற்பது நாள் பார்ப்பார்கள். நாற்பத்தோராம் நாள் அவன் உடுத்திய சட்டை, கைலிச் சாரம், செபமாலை மூன்றையும் ஒரு பெட்டியில் வைத்து, ஆளே உள்ளே படுத்திருப்பதுபோல நான்கு பேர் சுமந்துபோய்ப் புதைத்துவிடுவார்கள். கார்த்திகைப் புயலில் கஸ்பாரின் வள்ளத்தில் போனவர்கள் ஐந்து பேர். ஐந்து பெட்டிகளில் நான்கு இறங்கிவிட்டன. ஐந்தாவது பெட்டிக்குக் கயிறு போட்ட நேரத்தில்தான் கூட்டத்தில் யாரோ அண்ணாந்து, "கஸ்பாருல்லா போறான்!" என்றார்கள்.

கஸ்பாரேதான். கோயில் மணிக்கூண்டைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், குப்புற, நீச்சலடிக்கிறவன் கையைக் காலை ஓய்த்துக் கொஞ்சம் மிதந்துகொள்வானே, அந்த மாதிரி, சட்டை மட்டும் காற்றில் படபடக்க, அவசரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல் போனான். போகிறபோது கீழே பார்த்தான். குழியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பெண்டாட்டி பவுலினைப் பார்த்தான். கையை ஆட்டினான். பிறகு பனங்காட்டுக்கு அப்பால் மறைந்துவிட்டான்.

சாமியார் ஓங்கிய கையை இறக்கிப் புத்தகத்தை மூடினார். "கண்ணுக்கு முன்னால போறவனைப் புதைக்க எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். பெட்டியைச் சுமந்து வந்த நான்கு பேரும் அதே தோளில் திரும்பச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பவுலின் அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால், இரண்டும் இல்லை. வழி நெடுக ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டு வந்தாள்: "சாப்பிட்டாவளோ என்னவோ தெரியலையே." பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், பாவி மனசு அதைப் பார்க்கப் பொறுக்காமல் மறுநாளே அதில் ரேஷன் அரிசியைக் கொட்டி மூடினாள்.

பதினொன்றே முக்காலுக்குச் சரியாக அவன் மறுபடி வந்தான். பிறகு ஒன்றேகாலுக்குப் பக்கமாக வந்தான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததில், தொண்ணூற்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கஸ்பார் உலகத்தைச் சுற்றிவிட்டு ஊருக்கு மேலே வருகிறான், மூன்று நிமிஷம் தெரிகிறான், போகிறான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடலுக்குப் போகிற ஊரில் ஒருவன் திரும்பி வந்தால் எந்த வழியாக வந்தான் என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

மூன்றாம் நாள் ஊர்க் கமிட்டித் தலைவர் தொபியாஸ் ஒரு பெரிய காத்தாடி செய்யச் சொல்லி, வலை பின்னும் நைலான் கயிற்றில் கட்டி, வாலில் ஒரு வயர்லெஸ் பெட்டியைத் தொங்கவிட்டு மேலே ஏற்றினார். கஸ்பார் எட்டிப் பிடித்துக்கொண்டான். வயர்லெஸ்ஸில் முதலில் கரகர என்று இரைச்சல் வந்தது, பிறகு அவன் குரல் வந்தது.

"ஏட்டி பவுலினு, பிள்ளைக்குப் பல்லு விழுந்துட்டா?"

கமிட்டி ஆபீஸில் கூடியிருந்த அத்தனை பேரும் அப்போதுதான் அழுதார்கள். காரணம் இருக்கிறது. சிப்பித்துறைப் பெண்கள் கடலுக்குப் போகிற ஆணுக்குத் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுக்கும்போது வீட்டுச் சேதி ஒன்றைச் சொல்வார்கள். முழுசாகச் சொல்லமாட்டார்கள், பாதிதான் சொல்வார்கள். மீதிப் பாதி அவன் கரையேறி வந்து கேட்டுக்கொள்ள வேண்டியது. "நேத்து கடைவீதியில யாரைப் பாத்தேன் தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டுத் தூக்குவாளியைக் கையில் திணித்துவிடுவார்கள். பாதிச் சேதி கேட்டுப் போனவன் மீதியைக் கேட்க வந்தே தீருவான் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. புயல் நாளன்று பவுலின் சொல்லி அனுப்பிய பாதி, "பெனிட்டாவுக்கு முன்பல்லு ஒண்ணு ஆடுது, நான் பிடுங்கப் போனேனா, அதுக்கு அவ என்ன செஞ்சா தெரியுமா" என்பதுதான்.

"விழுந்துட்டுங்க" என்றாள் பவுலின், பட்டனை அழுத்திக்கொண்டு. "பிடுங்க விடாம அடுப்புக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டா. தானா விழுந்ததும் அப்பாட்ட காட்டணும்னு உப்பு ஜாடிக்குள்ள போட்டு வச்சிருக்கா. நீங்க எப்படிங்க அங்க போனிய?"

"தூக்குன அலை இறக்கி விடலட்டி" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. சத்தம் தேய ஆரம்பித்தது, பனங்காடு வந்துவிட்டது. பதறிப்போய், பழக்க தோஷத்தில், பவுலின் பட்டனை அழுத்திக் கத்தினாள்: "ஏங்க, நம்ம ஆடு இருக்குல்லா, அது நேத்து..." அதோடு லைன் அறுந்தது. தொண்ணூற்றிரண்டு நிமிஷம் கழித்து வயர்லெஸ்ஸைத் தட்டியதும் கஸ்பார் கேட்டான், "ஆட்டுக்கு என்ன?"

அன்றிலிருந்து இப்படித்தான் ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் போன சுற்றின் மீதியைச் சொல்வாள், அடுத்த சுற்றுக்கு ஒரு பாதியைத் தொங்கவிடுவாள். சிலதுக்கு மீதியைச் சொல்லாமல் சேர்த்தும் வைத்தாள், இருக்கட்டும், எதற்கும் கையில் நாலு இருக்கட்டும் என்று.

ஊர் அவனைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். மேலே இருந்தால் கொழும்புக்கு அங்கிட்டு வரைக்கும் தெரிகிறது என்று கஸ்பார் சொன்னதும், முதலில் மீன் எங்கே என்று கேட்டார்கள், தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தைச் சொன்னான், வள்ளங்கள் போன சுருக்கில் நிறைந்து திரும்பின. பிறகு மழை எப்போது என்று கேட்டார்கள், கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தான். இஞ்சின் நின்று திசை தெரியாமல் கிடந்த வேற்றூர் வள்ளத்தைக் காட்டிக் கொடுத்தான், அவர்கள் நன்றிக்கு ஒரு சேவல் கொண்டுவந்தார்கள். காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்தான், வேலியை நகர்த்திப் போட்டவனைக் கண்டுபிடித்தான், டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டாடப் போன மாப்பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பெண்கள் எவ்வளவு கெஞ்சிக் கேட்டும் சொல்லாமல் சிரித்தான். அவன் தலைக்கு மேலே போகிறதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள், உலையை இறக்கினார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். ரேஷன் கார்டில் பெயரை அடிக்க வந்த அதிகாரி அரை மணி நேரம் அண்ணாந்து நின்று பார்த்துவிட்டு, 'வெளியூரில் உள்ளார்' என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்து ஊர்க்காரர்கள், உங்க ஆளு எங்க கடல் மீனையும் உங்களுக்கே சொல்லுதான் என்று சண்டைக்கு வந்தார்கள். தொபியாஸ், "வானம் உங்க ஊருக்கும் மேலதான இருக்கு, கூப்பிட்டுக் கேளுங்கடே" என்று அனுப்பிவிட்டார்.

ஊருக்குள் அவனிடம் கேட்டவர்களில் விக்டோரியாவும் ஒருத்தி. கஸ்பாரோடு போன நால்வரில் மிக்கேல் அவள் புருஷன். தினமும் ஒரு சுற்றுக்குக் கமிட்டி ஆபீஸுக்கு வந்து வயர்லெஸ்ஸை வாங்கி, "தம்பி, எங்க வீட்டு ஆளு எங்கயாவது தட்டுப்படுதாவளா?" என்பாள். "பாக்கேன் மைனி, பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்பான் கஸ்பார். அவள் வயர்லெஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கிறபோது பவுலினின் முகத்தைப் பார்க்கமாட்டாள். பவுலினும் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரே வள்ளத்தில் போனவர்களில் தன் ஆள் மட்டும் மேலே தெரிகிறதே என்பது சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சோறு நிற்கவில்லை. முதலில் காத்தாடியில் கட்டி அனுப்பினாள், நெத்திலிக் குழம்பு சிந்தி ஊரெல்லாம் மணத்தது. இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வந்தபோது காத்தாடி தேவைப்படவில்லை, மணிக்கூண்டின் உச்சியில் ஏறி நின்று துரட்டிக் கம்பில் தூக்குவாளியை மாட்டி நீட்டினாலே அவன் எடுத்துக்கொண்டான். ஆமாம், அவன் இறங்கிக்கொண்டிருந்தான். ஊரில் அதை முதலில் கண்டவள் பவுலின்தான். கடலில் பாறை இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்ப்பார்களே, அதற்குக் கணியம் என்று பெயர். அவள் பின்வாசலில் ஒரே இடத்தில் நின்று மணிக்கூண்டுச் சிலுவையையும் விக்டோரியா வீட்டுத் தென்னையையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். தை மாதம் சிலுவைக்கு வெகு மேலே போனவன், பங்குனியில் சிலுவைக்கு நேராகப் போனான். இன்னும் கொஞ்சநாள், இன்னும் கொஞ்சநாள் என்று மனசு அடித்துக்கொண்டது. மொட்டைமாடி உயரத்துக்கு வரட்டும், காலைப் பிடித்து இழுத்து வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் விண்வெளி ஆபீஸிலிருந்து நிரஞ்சனா என்று ஒரு பெண் அதிகாரி வந்தாள். மூன்று கால் வைத்த கருவிகளை மணலில் நட்டு நான்கு நாள் அளந்தாள். சின்ன வயசு, நல்ல பிள்ளை, பவுலின் வீட்டில்தான் சாப்பிட்டாள். ஏழு வயசு பெனிட்டா அவளிடம், "அக்கா, நிலாவும் எங்க அப்பா மாதிரிதான் சுத்துதா? அது ஏன் விழல?" என்று கேட்டாள்.

"அதுவும் விழுந்துட்டேதான் இருக்கு கண்ணு. விழற வேகத்துக்குப் பூமி வளைஞ்சு வளைஞ்சு விலகிடுது. அதனால விழுந்துட்டே சுத்துது. நாங்க மேல அனுப்புற சாட்டிலைட்டும் அப்படித்தான், உங்க அப்பாவும் அப்படித்தான். ஆனா நிலாவை இங்க யாரும் பிடிச்சு இழுக்கல. அப்பாவை என்னமோ இழுக்குது."

கமிட்டிக் கூட்டத்தில் அவள் கணக்கைச் சொன்னாள்: கஸ்பார் வாரத்துக்கு அரை முழம் இறங்குகிறான், இறங்க இறங்க அவனுக்குத் தெரிகிற கடல் சுருங்குகிறது, இப்படியே போனால் கார்த்திகை தாண்டமாட்டான். என்ன இழுக்கிறது என்று கருவிக்குப் பிடிபடவில்லை. தொபியாஸ் யோசித்து, சோறுதான் என்றார். வேறென்ன, மூன்று வேளையும் மீனும் சோறும் தின்றால் யாருக்குத்தான் உடம்பு வைக்காது! அன்றோடு சோறு நின்றது. "சரிடே, எனக்கொண்ணும் பசிக்கல" என்றான் கஸ்பார், ஊருக்காக. அவன் பொய் சொன்னால் காதுமடலைச் சொறிவான், மேலே அவன் சொறிவதைப் பார்த்த பவுலின் கட்டிவைத்த தூக்குவாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

போகிறதற்கு முன் நிரஞ்சனா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, கீழ வர்றதுன்னா வீட்டுக்கு வர்றது இல்லக்கா. ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா எரிஞ்சிடும், இல்லன்னா கடல்ல விழுந்துடும். இதுவரைக்கும் கையில யாரும் பிடிச்சதில்ல." பவுலின் தலையை ஆட்டினாள். ஆனால் சோறு நின்ற பிறகும் கணியத்தில் அவன் இறங்கிக்கொண்டே இருந்தான். அவளுக்குத் தெரியும், சோறு இல்லை. அவளுடைய பாதிச் சேதிகள்தான் அவனை இழுக்கின்றன, ஒவ்வொரு பாதியும் ஒரு கயிறு. தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை. "ஏங்க, விக்டோரியா மகனுக்குப் பொண்ணு பாத்திருக்காவ, பொண்ணு யாரு தெரியுமா" என்று அடுத்த சுற்றுக்குத் தொங்கவிட்டாள். தப்புதான். அவளைக் கேட்டிருந்தால் தப்புதான் என்று அவளே சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு அடுத்த பாதியை ஆரம்பித்திருப்பாள்.

ஐப்பசி பத்தாம் தேதி விடிகாலை பதினோரு வள்ளங்கள் கடலுக்குப் போயின. வள்ளத்துக்கு நாலு பேர், நாற்பத்து நாலு பேர். அதில் ஒன்றில் பவுலினின் தம்பி ததேயு போனான். காலை ஆறரைக்குக் கஸ்பார் வந்தபோது பவுலின் மொட்டைமாடியில் நின்றாள். அவன் மணிக்கூண்டின் பாதி உயரத்தில் வந்தான், தென்னை ஓலை முகத்தில் இடிக்க, கையால் விலக்கிக்கொண்டு வந்தான். அவள் நுனிக்காலில் எம்பினாள், அவன் கையைத் தொங்கவிட்டான். பதினோரு மாதத்துக்குப் பிறகு விரலோடு விரல் தொட்டது. குளிர்ந்து விறைத்து, உப்புப் படிந்த விரல். "ஏட்டி, மெலிஞ்சிட்டியே" என்றான். அதற்குள் தாண்டிவிட்டான். அவள் அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் மணிக்கட்டைப் பிடித்துவிடலாம், அதற்கு அடுத்த வாரம் ஆளையே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான காலை அதற்கு முன் வந்ததில்லை.

ஏழு மணிக்குக் காற்று கிழக்கிலிருந்து வீசும் கொண்டலுக்கு மாறியது. ஏழரைக்குக் கிழக்கு வானம் கருவாட்டுச் சட்டி மாதிரி கறுத்தது. எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்குக் கஸ்பார் வந்தபோது கமிட்டி ஆபீஸ் நிறைய ஆள், வயர்லெஸ்ஸில் பதினோரு வள்ளமும் ஒரே நேரத்தில் கத்தியது. "அத்தான், அத்தான்! புயலு எங்கிட்டு இருந்து வருது? எந்தப் பக்கம் ஓட?" அது ததேயு.

"தெரியலையேப்பா" என்றான் கஸ்பார். அவன் குரல் நடுங்கி அதுவரை யாரும் கேட்டதில்லை. "மேல இருந்தா கொழும்புக்கு அங்கிட்டு தெரியும். இப்போ மணிக்கூண்டே மறைக்குது. உங்க வள்ளம்கூட எனக்குத் தெரியல. ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

போய்விட்டான். பவுலின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சோறு இல்ல மாமா" என்றாள் தொபியாஸிடம். "நான்தான். ஒவ்வொரு சுத்துக்கும் பாதி பாதியாச் சொல்லி அவியளை இறக்கிட்டு வந்திருக்கேன். எனக்குத் தெரியும். ஆடியிலயே தெரியும்."

நாற்பத்து நாலு வீட்டுப் பெண்கள் அங்கே நின்றார்கள். அடித்திருந்தாலும் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு விக்டோரியாதான் வந்தாள், பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளுக்கும் நான் அன்னைக்குப் பாதி சொல்லித்தான் விட்டேன்" என்றாள். "மீதி இங்க கெடக்கு" என்று நெஞ்சில் தட்டினாள். "சொல்ல ஆளில்ல. உனக்குச் சொல்லி முடிக்கவாவது ஆளு வருதே பவுலினு. முடிச்சிரு."

பவுலின் வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு வீட்டு மாடிக்குப் போனாள். ஒன்பது முப்பத்து நாலுக்கு அவன் வந்தான். மழை ஆரம்பித்திருந்தது. மூன்று நிமிஷம்தான் இருந்தது. அவள் 'ஏங்க' என்றுகூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

"விக்டோரியா மகனுக்குப் பாத்த பொண்ணு பெரிய தெரு டெய்லர் மக. பொருந்திப் போச்சு, தை மாசம் கல்யாணம். வெள்ளாடு ரெண்டாவது ஈத்துல மூணு குட்டி போட்டுச்சு, ஒண்ணு செத்துட்டு. வடக்குச் சுவர் ஒழுகினது இப்போ ஒழுகல, ததேயு சிமெண்டு பூசிட்டான். பெனிட்டா பரீட்சைப் பேப்பர்ல 'எங்க அப்பா' கட்டுரைக்கு ஒரு வட்டம் மட்டும் வரைஞ்சு வச்சா, டீச்சர் பத்துக்குப் பத்து போட்டாவ..."

ஒவ்வொரு சேதியும் முடிய முடிய அவன் ஒரு முழம் ஏறினான். ஏறுகிறபோதே முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்துகொண்டு போனது. ஆடு என்றதும் சிரித்தவன், அதைச் சொல்லி முடித்ததும் என்ன ஆடு என்பதுபோல விழித்தான்.

"ஏட்டி, நிறுத்து" என்றான். "என்ன செய்யுத நீ? எல்லாத்தையும் முடிக்காத. எனக்கு மறக்குதுட்டி!"

"ததேயு வெளிய கெடக்கான். நாப்பத்தி நாலு பேரு வெளிய கெடக்காவ."

கஸ்பார் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எங்களுக்கு அன்னைக்குச் சொல்ல மேல ஒருத்தன் இல்லாமப் போனான்" என்றான்.

"ஆமாங்க."

"சரி. சொல்லு."

மணிக்கூண்டைத் தாண்டினான், சிலுவையைத் தாண்டினான். ஆனாலும் ஒரு கயிறு மிச்சம் இருந்தது, அவன் அதற்கு மேல் ஏறாமல் அந்தக் கயிற்றிலேயே தொங்கினான். எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கல்யாணமாகி மூன்றாம் நாள், முதல் முதலாக அவனைக் கடலுக்கு அனுப்பியபோது, "கோயில்ல தாலி கட்டும்போது நான் ஏன் அழுதேன் தெரியுமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவன் வந்து கேட்டதற்கு, அப்புறம் அப்புறம் என்று ஒன்பது வருஷமாக மீதியைச் சொல்லவே இல்லை. ஒன்பது வருஷமாக அவன் ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்கத்தான் கரை திரும்புகிறேன் என்று கேலி பண்ணுவான்.

"அதைச் சொல்லாதட்டி" என்றான், இப்போது தூரத்திலிருந்து. "அது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

"எங்க அம்மா, கடல்காரனுக்குக் கழுத்தை நீட்டினா மனசைக் கொஞ்சம் எடுத்துத் தனியா வச்சுக்கோன்னு சொல்லியிருந்தா" என்றாள் பவுலின். மழையில் நனைந்த பட்டன் வழுக்கியது, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். "தாலி கட்ட வந்தப்ப உங்க முகத்தைப் பாத்தேன். எடுத்து வைக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லன்னு தெரிஞ்சு போச்சு. அதான் அழுதேன். அவ்வளவுதாங்க. முடிஞ்சு."

அவன் என்னமோ சொன்னான். அவள் பெயராக இருக்கும். இரைச்சலில் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தபோது மேகத்துக்கு மேலே போய்விட்டிருந்தான்.

பதினொன்று ஆறுக்கு, யாரும் கூப்பிடாமலே வயர்லெஸ் பேசியது. தெளிவான, கரகரப்பே இல்லாத குரல். "கடலில் இருக்கிற வள்ளங்கள் கவனிக்கவும். புயலின் கண் உங்களுக்குக் கிழக்கே நாற்பது மைலில் இருக்கிறது, வடமேற்காக நகர்கிறது. கரையை நோக்கி வர வேண்டாம். தெற்கே ஓடுங்கள். தெற்கே காற்று குறைவு." ததேயு, "அத்தான்! தெரியுதா அத்தான்?" என்று அழுதான். "எல்லாம் தெரிகிறது" என்றது குரல். "பேசுவது எந்த வள்ளம்?"

பதினோரு வள்ளங்களும் மறுநாள் மத்தியானம் கரை சேர்ந்தன. நாற்பத்து நாலு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவனையும் அவன் வீட்டுப் பெண் கட்டிப்பிடித்து, சொல்லாமல் வைத்திருந்த மீதிப் பாதியைக் கரையிலேயே சொன்னாள். ததேயு அக்காவின் காலில் விழுந்து கிடந்தான். அவனைத் தூக்கி நிறுத்தி, தலையைத் துவட்டி, சாப்பிடுதியா என்று கேட்டாள்.

ஒரு வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தொபியாஸ் கூப்பிட்டார், சாமியார் கூப்பிட்டார், பெனிட்டா கூப்பிட்டாள். "கஸ்பார் என்று இங்கே யாரும் இல்லையே" என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் வந்தது, கூடவே அன்றைய அலை உயரமும் வந்தது. எட்டாம் நாள் சாமியார் பவுலின் வீட்டுக்கு வந்து, "பிள்ளை கூப்பிட்டும் திரும்பாதவனுக்குப் பூசை வைக்கலாம் மகளே" என்றார். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, அரிசியை வாரிவிட்டு, சட்டையையும் சாரத்தையும் செபமாலையையும் உதறி மறுபடி மடித்து வைத்தாள். பெனிட்டா உப்பு ஜாடியிலிருந்த பல்லை எடுத்துவந்து மேலே வைத்தாள்.

"அப்பா மேலதான போறாவ" என்றாள் பிள்ளை. "அப்போ இது யாருக்கு?"

"நம்ம அப்பா இதுக்குள்ள இருக்காவ" என்றாள் பவுலின். "மேல போறது ஊருக்குப் பொதுவான ஆளு."

அதே நான்கு பேர் சுமந்தார்கள். நான்கு மேட்டுக்குப் பக்கத்தில் ஐந்தாவது குழி அப்படியே திறந்து கிடந்தது. சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார், மேலே அவன் போனான், கண்ணுக்கு எட்டியும் எட்டாத உயரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பெட்டி இறங்கியது. பவுலின் முந்தானைக்குள் வைத்திருந்த வயர்லெஸ் பேசியது.

"சிப்பித்துறைக் கல்லறையில் கூட்டமாகத் தெரிகிறது. யாராவது இறந்துவிட்டார்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வெளியே எடுத்துப் பட்டனை அழுத்தினாள்.

"ஆமாங்க. எங்க வீட்டுக்காரர்."

"கடலிலா?"

"கடல்லதான்."

"வருத்தமாக இருக்கிறது அம்மா" என்றது அந்தக் குரல். உண்மையாகவே வருத்தப்பட்டது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீங்கள் அழாதீர்கள். சிறு பிள்ளை ஒன்று உங்கள் பக்கத்தில் நிற்கிறது போலிருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

"பாத்துக்கிடுதேன்" என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது? ஒரு நிமிஷம் இருந்தது, அரை நிமிஷம் இருந்தது. பனங்காட்டுப் பக்கம் புள்ளி சரிந்துகொண்டிருந்தது. எதையாவது கேட்டாக வேண்டுமே என்று, ஊரில் எல்லோரும் கேட்பதையே கேட்டாள்: "நாளைக்குக் கடல் எப்படிங்க இருக்கும்?"

"நாளைக்கா? நாளைக்குக் காலையில் காற்று..."

அதோடு அறுந்தது. சாமியார் செபத்தை முடித்தார். ததேயு மண்ணைத் தள்ளினான். எல்லோரும் கலைந்து போன பிறகும் பவுலின் பெனிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புது மேட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறுது, வீட்டுக்கு வா என்று விக்டோரியா கையைப் பிடித்து இழுத்தாள்.

"போங்க மைனி, வாரேன்" என்றாள் பவுலின். "பாதிதான் சொல்லியிருக்காவ. மீதியைக் கேட்டுட்டு வாரேன்."

விக்டோரியா கையை விட்டாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.